இளஞ்சிவப்பு தொடங்கும் இடம்

எங்கள் வீதியில் 1990-இல் கட்டிய மூன்று மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. கீழே பனியன் கம்பெனி, மேலே வாடகைக் குடித்தனங்கள். திருப்பூர் வீரபாண்டியில் வீதிக்கு வீதி இப்படித்தான். அதன் மாடிப்படிக்கு அடியில் காரை பெயர்ந்து, ஒரு முழ நீளத்துக்குத் துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. வீட்டுக்காரர் மேஸ்திரியை வரவழைத்திருந்தார். பெயர்ந்த இடத்தைப் பூசி, மேலே ஒரு கை பெயிண்ட் அடித்தால் வேலை முடிந்தது என்பது அவர் கணக்கு. பூசுவதற்கு முன்னால், நன்றாக இருக்கும் ஓரத்தில் ஒரு சில்லை உடைத்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன்.

மேஸ்திரி உளி வைத்து உடைத்தார். சாயப்பட்டறை லேபில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் சிறு பாட்டிலில் பினாப்தலீன் கொண்டுவந்திருந்தார். பள்ளிக்கூட ஆய்வகத்தில் எல்லோரும் பார்த்த திரவம்தான். தண்ணீரில் காரம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கப் பட்டறை லேபிலும் அது தேவைப்படும். உடைந்த முகத்தில் அதைத் தெளித்தார். வெளிப்பக்கம் சாம்பல் நிறம் அப்படியே இருந்தது. உள்ளே, கோடு கிழித்தாற்போல ஓர் எல்லையில் தொடங்கி, ராணி பிங்க் பளிச்சென்று பூத்தது.

"இதென்னங்க, சிமெண்டுக்குச் சாயம் போடறீங்களா?" என்றார் மேஸ்திரி.

"வயசு பாக்கறோமுங்க" என்றேன். ஸ்கேல் வைத்து அளந்தோம். வெளிமுகத்திலிருந்து பிங்க் தொடங்கும் இடம்வரை 18 மில்லிமீட்டர். கம்பி இருந்த ஆழம் 20.

இந்த இரண்டு மில்லிமீட்டரைப் புரிந்துகொண்டால், உலகத்தில் பழைய அடுக்குமாடிக் கட்டடங்களைக் காப்பாற்றுவதா இடிப்பதா என்று நகராட்சிகளும் நீதிமன்றங்களும் நடத்தும் வழக்காடலில் பாதி புரிந்துவிடும். அதனால்தான் அந்தச் சில்லை வீட்டுக்கு எடுத்துவந்து மேசைமேல் வைத்திருக்கிறேன்.

கான்கிரீட் காய்கிறது என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். உண்மையில் அது தண்ணீரைக் குடித்துக் கல்லாகிறது. சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்து ஒரு பசையும், அதன் கூடவே கால்சியம் ஹைட்ராக்சைடும் உண்டாகின்றன. இரண்டாவது வேறொன்றுமில்லை, வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு. பசை ஜல்லியையும் மணலையும் பிடித்துக்கொள்கிறது. சுண்ணாம்போ கான்கிரீட்டின் நுண்துளைகளில் இருக்கும் ஈரத்தைக் கடுமையான காரமாக்குகிறது. அதன் பிஎச் 12.5-க்கும் 13-க்கும் இடையே நிற்கும். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏறுவதற்குச் சோடா சாம்பல் போட்டு 11 அளவுக்குக் கொண்டுபோகிறோமே, அதைவிடக் காரம்.

இவ்வளவு காரத்துக்குள் இரும்பை வைத்தால் அதன் மேல் ஆக்சைடு படலம் ஒன்று தானாகப் படிகிறது. அதன் தடிமன் சில நானோமீட்டர். தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்தப் படலம் இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. மனிதன் பூசிய பெயிண்ட் இல்லை, கலந்த மருந்து இல்லை. சுண்ணாம்பின் மடியில் இரும்பு உறங்குகிறது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெயிலில் இரும்பும் விரிகிறது, கான்கிரீட்டும் விரிகிறது. ஒன்று கூட விரிந்து மற்றொன்று குறைவாக விரிந்தால், சித்திரை வெயிலில் ஒவ்வொரு கூரையும் உள்ளுக்குள்ளேயே கிழிந்துபோகும். ஆனால் ஒரு டிகிரிச் சூட்டுக்கு இரும்பு மீட்டருக்கு 12 மைக்ரோமீட்டர் விரிந்தால், கான்கிரீட் 10-ஐ ஒட்டி விரிகிறது. பாரிஸைச் சேர்ந்த தோட்டக்காரர் ஜோசப் மோனியே, பூந்தொட்டி உடையாமலிருக்கச் சிமெண்டுக்குள் கம்பிவலை வைத்து 1867-இல் காப்புரிமை வாங்கினார். அவர் இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்துத் தொடங்கவில்லை. இரண்டு பொருள்களும் தற்செயலாக ஒன்றுக்கொன்று பொருந்திப்போயின. இன்று மனிதகுலத்தின் பெரும்பகுதி அந்தப் பொருத்தத்துக்குக் கீழேதான் படுத்து உறங்குகிறது.

உறக்கம் கலைவது காற்றால். காற்றில் கரியமில வாயு நூற்றில் 0.04 பங்குதான். ஆனாலும் அது இரவும் பகலும் நுண்துளை வழியே உள்ளே நுழைந்து சுண்ணாம்பைச் சுண்ணாம்புக்கல்லாக மாற்றிக்கொண்டே போகிறது. கல்லாகிவிட்ட பகுதியில் பிஎச் 9-க்குக் கீழே இறங்கிவிடும். பினாப்தலீனில் நிறம் காட்டாமல் நிற்கும் அந்தச் சாம்பல் பட்டைதான் காற்று ஏற்கெனவே பிடித்துவிட்ட எல்லை. எல்லை கம்பியைத் தொட்டதும் படலம் கரைகிறது. ஈரமும் உயிர்க்காற்றும் கிடைத்தால் துரு தொடங்குகிறது.

நல்ல வேளையாக இந்தப் படையெடுப்பு போகப் போக மெதுவாகிறது. உள்ளே போக வேண்டிய தொலைவு கூடக் கூட, ஆழம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளர்கிறது. பத்து ஆண்டில் 10 மில்லிமீட்டர் போனால், 20-ஐத் தொட நாற்பது ஆண்டு, 30-ஐத் தொடத் தொண்ணூறு ஆண்டு. சென்ட்ரிங் பலகைக்கும் கம்பிக்கும் நடுவே கொத்தனார் வைக்கும் சின்னக் கவர் பிளாக்கை நினைத்துப் பாருங்கள். விலை சில ரூபாய்தான். அதை 20-க்குப் பதில் 30 மில்லிமீட்டராக வைத்தால் கட்டடத்தின் ஆயுள் ஐம்பது ஆண்டு நீள்கிறது. கம்பி கட்டும் நாளில் அது நழுவிக் கீழே விழுந்திருந்தால், முப்பது ஆண்டு கழித்து அந்த இடத்தில்தான் காரை பெயரும்.

காற்றைவிடக் கொடிய எதிரி எங்கள் ஊருக்கு நெருக்கமானது. உப்பு. அடர்ந்த நிறத்தைப் பருத்தியில் ஏற்ற ஒரு லிட்டர் சாயத் தண்ணீருக்கு அறுபது, எண்பது கிராம் உப்புப் போடுவார்கள். சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிடுவது அதன் வேலை. துணியில் அது தங்குவதில்லை, அத்தனையும் கழிவுநீரோடு போய்விடும். பல ஆண்டுகள் அது நொய்யலுக்குப் போனது, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது, நிலத்தடியில் இறங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறை ஊருக்குள் முழுமையாக வந்தது. அப்படி ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வீரபாண்டியிலும் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் மண்ணில் இறங்கியது இறங்கியதுதான். சப்பைத் தண்ணீர் என்று குடிக்காமல் விட்ட போர் தண்ணீரிலேயே கலவை போட்டுக் கட்டிய வீடுகள் கொஞ்சமா?

கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது ஐஎஸ் 456 என்னும் இந்தியத் தர விதி. கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு 2000 வரை விட்டுக்கொடுக்கிறது. இந்த வித்தியாசத்திலேயே விஷயம் இருக்கிறது: உப்பு கான்கிரீட்டைத் தின்பதில்லை, கம்பியைத்தான் தின்கிறது. சுற்றிலும் காரம் குறையாமலே இருந்தாலும், படலத்தில் ஊசிமுனை அளவு இடத்தில் குளோரைடு ஓட்டை போடும். அந்த ஓட்டையின் அடியில் கம்பி குழிந்துகொண்டே போகும். வேலை முடிந்த குளோரைடு தீர்ந்துபோகாமல் மறுபடி அதே வேலைக்குத் திரும்பிவிடும். இதைப் பினாப்தலீன் காட்டாது. உப்பு ஏறிய கான்கிரீட்டும் அழகாக ராணி பிங்க் பூக்கும். சில்வர் நைட்ரேட் தெளித்துப் பார்த்தால்தான் உப்பு வெளியே தெரியும். ஒரு சோதனையில் தேறிய கட்டடம் இன்னொன்றில் தோற்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

துருவுக்கு இரும்பைவிட இடம் அதிகம் வேண்டும். எந்த வகைத் துரு என்பதைப் பொறுத்து இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்குவரை. கான்கிரீட்டை நசுக்குவது கடினம், இழுத்துக் கிழிப்பது எளிது. நசுங்கும் வலிமையில் பத்தில் ஒரு பங்குதான் அதற்கு இழுவை வலிமை. உள்ளேயிருந்து வீங்கும் துரு அதைக் கிழிக்கிறது. விரிசல் வழியே இன்னும் காற்று, இன்னும் தண்ணீர். அதுவரை வர்க்கமூலக் கணக்கில் நடந்த நோய் அதன் பிறகு ஓடத் தொடங்குகிறது. படிக்கு அடியில் விழுந்த காரை அந்த ஓட்டத்தின் ஓசை.

இப்படி நோயுற்ற கட்டடம் ஒரு நாட்டின் பாரம்பரியப் பாதுகாப்புப் பட்டியலில் ஏறியிருந்தால் என்ன செய்வது? இடிக்கவும் முடியாது, இஷ்டப்படி பூசவும் முடியாது.

கிழக்கு லண்டனின் போப்லர் பகுதியில் பால்ஃப்ரான் டவர் நிற்கிறது. 26 மாடி, 146 வீடுகள். ஹங்கேரியில் பிறந்த எர்னோ கோல்ட்ஃபிங்கர் வடிவமைத்தது, 1967-இல் முடிந்தது. ஏழை, நடுத்தரக் குடும்பங்களுக்கு அரசு கட்டிக்கொடுத்த வாடகை வீடுகள். லிஃப்டையும் குப்பைக் குழாயையும் தனியே ஒரு மெல்லிய கோபுரத்தில் வைத்து, மூன்று மாடிக்கு ஒரு பாலத்தால் அதை வீடுகளோடு இணைத்தார். லிஃப்ட் ஓடும் சத்தம் யார் வீட்டுச் சுவரிலும் கேட்காது. 1968-இல் அவரும் மனைவி உர்சுலாவும் இரண்டு மாதம் அதன் உச்சி மாடியில் குடியிருந்து, அக்கம்பக்கத்தாரை வீட்டுக்கு அழைத்து, எது நன்றாக இருக்கிறது, எது தொந்தரவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். கட்டியவரே தான் கட்டிய வீட்டில் வாடகைக்காரர்களோடு இருந்து பார்த்த அந்தச் செயலை நான் மிகவும் மதிக்கிறேன்.

1996-இல் அது பட்டியலில் ஏறியது. 2015-இல் அதைவிட உயர்ந்த தரத்துக்கு ஏற்றினார்கள். அதே ஆண்டின் இறுதியில் புதுப்பிப்புக்கு அனுமதி கிடைத்தது. இங்கிலாந்தில் இதற்கு இரண்டு அனுமதி வேண்டும்: எல்லாக் கட்டடத்துக்கும் உரிய திட்ட அனுமதி ஒன்று, பட்டியலில் உள்ள கட்டடத்துக்கு மட்டும் உரிய தனி ஒப்புதல் இன்னொன்று. நம் உள்ளூர் திட்டக் குழுமத்திடம் பிளான் அப்ரூவலுக்குப் போனால் கேட்பது எத்தனை மாடி, எவ்வளவு ஒதுக்கம், கார் நிறுத்த இடம் எங்கே என்பவைதாம். அந்த இரண்டாவது ஒப்புதலோ வேறு கேள்வி கேட்கிறது. இந்தக் கட்டடத்தை இந்தக் கட்டடமாக ஆக்குவது எது? அதில் எதைத் தொடப் போகிறாய்?

திருப்பூர்க்காரருக்கு இந்த நடைமுறை அந்நியமாகத் தோன்றாது. பையருக்கு லேப் டிப் அனுப்புகிறோம். ஒரே நிறத்தில் மூன்று நான்கு துண்டு சாயமேற்றி அட்டையில் ஒட்டி அனுப்ப, அவர் ஒன்றைத் தேர்ந்து கையெழுத்துப் போடுகிறார். அந்தத் துண்டு வராமல் பெரிய லாட்டில் கை வைக்க முடியாது. பட்டியலிட்ட கட்டடங்களின் அனுமதியிலும் இப்படியே நிபந்தனை வைப்பது வழக்கம்: ஒட்டுக் கான்கிரீட்டின் மாதிரிப் பலகையைச் சுவருக்குப் பக்கத்திலேயே செய்து காட்டு, அதிகாரி பார்த்து ஏற்ற பிறகு வேலையைத் தொடங்கு.

அந்தப் பலகையைச் செய்து பார்த்தால்தான் சிரமம் தெரியும். கான்கிரீட்டின் சாம்பல் நிறம் ஒரே சாம்பல் இல்லை. சிமெண்டில் இரும்பு ஆக்சைடு கொஞ்சம் கூடினால் நிறம் கருக்கும். மணல் எந்த ஆற்றுடையது, ஜல்லி எந்தப் பாறையுடையது என்பதைப் பொறுத்து மஞ்சளோ நீலமோ ஏறும். பால்ஃப்ரானின் சுவர்ப் பரப்பில் பல இடங்களைப் பல்வைத்த சுத்தியலால் கொத்தி, உள்ளே இருக்கும் கல்லை வெளியே தெரியவைத்திருந்தார்கள். அம்மி கொத்துவதைப் போன்ற வேலை. ஆகவே ஒட்டுப் போடுபவர் நிறத்தோடு கல்லின் அளவையும், கொத்தின் ஆழத்தையும் பிடிக்க வேண்டும். மழையில் நனைந்தபோது ஒரு நிறம், காய்ந்தபோது ஒரு நிறம். ஐம்பது ஆண்டுப் புகை படிந்த சுவரோடு இன்று சேரும் ஒட்டு, நாளை சுவரைக் கழுவினால் தனியே தெரியும். பகல் வெளிச்சத்தில் சேர்ந்து, கடை டியூப்லைட்டில் பிரிந்துபோகும் துணியை லைட் பாக்ஸில் வைத்துப் பிடிக்கும் ஷேடு மாஸ்டர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தினால், மொழி தெரியாமலே வேலை புரிந்துவிடும்.

பால்ஃப்ரானில் பெரிய சண்டை கான்கிரீட்டில் வரவில்லை, ஜன்னலில் வந்தது. கோல்ட்ஃபிங்கர் வைத்தவை வெள்ளை அடித்த மரச் சட்டங்கள். புதுப்பித்தவர்கள் குளிரையும் பக்கத்து நெடுஞ்சாலையின் இரைச்சலையும் தடுக்க, பழுப்பு நிற அலுமினியச் சட்டங்களை வைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டுக் கட்டடங்களுக்காகப் பேசும் சங்கம் கடுமையாக எதிர்த்தது. கனத்த சாம்பல் உடம்பில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் என்பதுதான் அந்தக் கோபுரத்தின் முகம், அதை மாற்றிவிட்டால் பட்டியலில் வைத்து என்ன பயன் என்பது எதிர்ப்பின் சாரம். அனுமதி கிடைத்துவிட்டது. படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எதிர்த்தவர்கள் சொன்னது சரி என்றே எனக்குப் படுகிறது.

அதைவிட மனத்தை உறுத்துவது வேறொன்று. வேலைக்காக வாடகைக்காரர்களை வெளியேற்றினார்கள். வேலை முடிந்தபின் 146 வீடுகளில் ஒன்றுகூடக் குறைந்த வாடகைக் குடியிருப்பாகத் திரும்பி வரவில்லை. எல்லாம் தனியார் சந்தைக்குப் போயின. கல்லின் நிறத்துக்கு நிபந்தனை விதிக்க முடிந்த சட்டத்துக்கு, கோல்ட்ஃபிங்கர் தம் வீட்டுக்கு அழைத்துக் கருத்துக் கேட்ட மனிதர்களைப் பற்றி நிபந்தனை விதிக்க வழியில்லாமல் போனது. அந்தக் கட்டடத்தை அந்தக் கட்டடமாக ஆக்கியதில் அவர்களும் உண்டு.

ஒட்டுப் போடுவதில் ஒரு மர்மம் இருக்கிறது; இதை எங்கள் மேஸ்திரியிடம் சொன்னபோது அவர் உடனே தலையசைத்தார், அவரே கண்ட அனுபவம் அது. ஓரிடத்தில் காரை பெயர்ந்தால், அதை மட்டும் தட்டி எடுத்து, கம்பியைத் தேய்த்து, நல்ல சிமெண்டால் பூசுகிறோம். ஓரிரு ஆண்டில் அந்த ஒட்டு அப்படியே இருக்கும். அதைச் சுற்றி வளையம் போட்டாற்போல புதிதாகப் பெயரும். "பூசுனது நல்லாத்தாங்க இருக்கும், பக்கத்துல பொளந்துக்கும்" என்றார்.

காரணம் மின்சாரம். துருப்பிடிக்கும் கம்பி ஒரு குட்டி பேட்டரி. ஓரிடம் கரைந்து எலெக்ட்ரானைக் கொடுக்கிறது, அதே கம்பியின் இன்னோரிடம் அதை வாங்கிக்கொண்டு கரையாமல் தப்பிக்கிறது. அதாவது அழுகிய இடம், தனக்கே தெரியாமல், பக்கத்து இடங்களைக் காத்துக்கொண்டிருந்தது. நாம் அதைச் சுத்தம் செய்து புதுச் சுண்ணாம்புக் காரத்தில் உறங்கவைத்ததும், காவல் போய்விடுகிறது. உப்போ கரியமிலமோ ஏறிய பக்கத்து இடம் அடுத்துக் கரையத் தொடங்குகிறது.

தீர்வும் அதே தர்க்கத்திலிருந்து வருகிறது. கரைவதற்கென்றே ஒன்றை உள்ளே வைத்துவிடுவது. 1824-இல் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் கப்பல்களின் செம்புத் தகட்டை உப்புநீர் தின்னாமலிருக்க, அதோடு இரும்புத் துண்டுகளை இணைத்துப் பார்த்தார். இரும்பு கரைந்தது, செம்பு தப்பியது. இன்று ஒட்டுப் போடும் குழியின் விளிம்பில், கைக்குள் அடங்கும் துத்தநாகத் துண்டைக் கம்பியோடு கட்டி உள்ளே புதைக்கிறார்கள். இரும்பைவிடத் துத்தநாகம் எளிதில் எலெக்ட்ரானைக் கொடுக்கும். அது கரைந்து தீரும்வரை, ஆண்டுக்கணக்கில், கம்பி காக்கப்படும். வெளியே ஒன்றும் தெரியாது. சுவரின் நிறமும் மாறாது. பட்டியலிட்ட கட்டடத்துக்கு இதைவிடப் பொருத்தமான வைத்தியம் கிடையாது.

பழைய கட்டடத்துக்குப் புதுச்சட்டை போடுவது இதற்கு நேர் எதிரான வைத்தியம். லண்டனிலேயே கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்பு, பட்டியலில் இல்லாதது. 2016-இல் முடிந்த புதுப்பிப்பில் அதன் கான்கிரீட்டை மறைத்து வெளியே அலுமினியக் கலவைத் தகடு போர்த்தினார்கள். இரண்டு அலுமினியத் தாளுக்கு நடுவே பாலிஎத்திலீன். 2017 ஜூன் 14 அன்று நான்காம் மாடிச் சமையலறையில் பிடித்த தீ, அந்தச் சட்டை வழியே ஏறி 72 பேரைக் கொன்றது. கான்கிரீட் எலும்பு நின்றது, போர்த்தியது எரிந்தது. நம் ஊர்க் கடைமுகப்புகளில் ஏசிபி ஷீட் என்று ஒட்டுவது இதே குடும்பப் பொருள். வாங்கும்போது நடுவில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக இருக்கும் சிங்கப்பூரில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்தது. பீச் ரோட்டில் 1973-இல் முடிந்த கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ் 16 மாடி. கடற்பக்கம் படிக்கட்டுப்போல் சரிந்திருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் திறந்த மாடம், கடற்காற்று. கீழே கடைகள், நடுவே அலுவலகங்கள், மேலே வீடுகள். ஒரே கட்டடத்துக்குள் ஒரு தெரு முழுவதையும் நிமிர்த்தி வைத்த கனவு அது. மலேசியாவுக்குப் போகும் பேருந்துகள் அங்கிருந்து புறப்பட்டன. உரிமை நூற்றுக்கணக்கானவர் கையில் சிதறியதால் பராமரிப்பு குலைந்தது. 2006-இல் நாடாளுமன்றத்திலேயே ஓர் உறுப்பினர் அதைச் செங்குத்துச் சேரி என்று பழித்தார். பதினைந்து ஆண்டு கழித்து, 2021 அக்டோபரில், நகர மறுசீரமைப்பு ஆணையம் அதைப் பாதுகாக்க வேண்டிய கட்டடமாக அறிவித்தது. பல உரிமையாளர்கள் கொண்ட அவ்வளவு பெரிய நவீனக் கட்டடத்துக்கு அந்நாட்டில் அது முதல்முறை. அடுத்த ஆண்டு 70 கோடி சிங்கப்பூர் வெள்ளிக்குக் கட்டடம் மொத்தமாக விற்பனையானது. பழையதைக் காப்பவருக்கு ஈடாக, கூடுதல் பரப்பளவு கட்டிக்கொள்ள ஆணையம் இடம் கொடுத்தது. பக்கத்தில் 45 மாடிப் புதுக்கோபுரம் எழுகிறது. வீடுகள் அதற்குப் போகின்றன. பழைய படிக்கட்டு மாடிகள் கடையும் அலுவலகமும் ஆகின்றன.

அதற்கு முன் இழந்த ஒன்று இருந்தது. 1976-இல் எழுந்த பேர்ல் பேங்க், குதிரை லாட வடிவத்தில் 38 மாடிக் குடியிருப்பு. வடிவமைத்த டான் செங் சியோங் என்பவரே முதுமையில் அதைக் காப்பாற்றத் திட்டம் தீட்டினார். குடியிருந்தவர்களில் மிகப் பலர் சேர்ந்துகொண்டார்கள். ஆனால் தாமாக முன்வந்து பாதுகாப்புக்கு விண்ணப்பிக்க உரிமையாளர்கள் நூற்றுக்கு நூறு பேரும் சம்மதிக்க வேண்டியிருந்தது. கூட்டாக விற்பதற்கு எண்பது விழுக்காடு போதும். 2018-இல் விற்றார்கள், பிறகு இடித்தார்கள். காப்பதற்கு நூறு, கைவிடுவதற்கு எண்பது என்ற அந்த இரண்டு எண்கள், கார்பன் டை ஆக்சைடைவிட வேகமாக ஒரு கட்டடத்தைத் தீர்த்துவிட்டன.

இந்தியாவில் தொல்லியல் சின்னங்களுக்கான 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் நூறு ஆண்டுக்குக் குறைந்ததைக் கண்டுகொள்வதில்லை. நம் கான்கிரீட் கட்டடங்களில் அந்த வயதுக்கு வந்தவை மிகச் சில. அகமதாபாத் ஐஐஎம்மில் லூயி கான் வடிவமைத்த மாணவர் விடுதிகளை இடிக்க 2020 டிசம்பரில் நிர்வாகம் முடிவெடுத்தது; உலகம் முழுவதும் எதிர்ப்பு எழ, 2021-இன் முதல் நாளில் அதை விலக்கிக்கொண்டது; 2022-இல் மறுபடி பழைய முடிவுக்கே போனது. அங்கும் செங்கல்லுக்குள் வைத்த கம்பியின் துருதான் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. சென்னையில் அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடம், 1897-இல் எழுந்தது, 2006-இல் இடிபடத் தொடங்கியது. பாரம்பரியக் காப்புக்கான இன்டாக் அமைப்பு வழக்குப் போட, 2010-இல் உயர்நீதிமன்றம் இடிக்கத் தடை விதித்து, பாரம்பரியக் கட்டடங்களுக்கென ஒரு குழுவையும் அமைக்கச் சொன்னது. தமிழ்நாட்டுப் பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது; ஆணையம் செயலுக்கு வர அதன் பிறகு பல ஆண்டுகள் பிடித்தன. இவற்றில் எதிலும் சாதாரணர் குடியிருந்த அடுக்குமாடி ஒன்றின் பெயர் அடிபடவில்லை. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிக் கட்டிய முதல் அடுக்குகளும் நம் வரலாறுதானே என்ற எண்ணம் எனக்கு உண்டு. மண்தரையில் படுத்தவர்கள் முதன்முதலாக மாடியில் படுத்த இடம் அவை.

அத்தகைய குடியிருப்புகளுக்குப் பிஎச் பார்ப்பவர் யாரும் இல்லாதபோது என்ன ஆகும் என்பதை 2021 டிசம்பர் 27 காட்டியது. திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரிய அடுக்கு ஒன்றில் 24 வீடுகள் இடிந்து விழுந்தன. முப்பது வயதுகூட நிறையாத கட்டடம். விரிசலைப் பார்த்த குடியிருப்பாளர்கள் ஒருவரை ஒருவர் எச்சரித்து வெளியே வந்துவிட்டதால் ஓர் உயிரும் போகவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் புதுச்சேரியின் கோல்கொண்டா. அரவிந்தர் ஆசிரமத்தார் தங்கும் விடுதி. அந்தோனின் ரேமண்ட் வடிவமைக்க, ஜார்ஜ் நகாஷிமா உடனிருந்து, ஆசிரமத்தாரே கலவை சுமந்து 1937-இல் தொடங்கி உலகப்போர்க் காலத்திலும் தொடர்ந்து கட்டியது. ஐதராபாத் சமஸ்தானத் திவான் அக்பர் ஹைதரி பெற்றுத் தந்த நிதியால் அந்தப் பெயர். இந்தியாவில் பூசாமல் விட்ட கான்கிரீட்டின் மிக முற்பட்ட கட்டடங்களில் ஒன்று. கண்ணாடி ஜன்னலே இல்லை; சுவர் முழுவதும் திருப்பினால் திறக்கும் கிடைத்தகடுகள், அவற்றின் வழியே காற்று. கூரை இரண்டு அடுக்கு, நடுவே வெயிலின் சூடு தங்கிக் கரையும் இடைவெளி. கடல் சில தெரு தள்ளித்தான். உப்புக்காற்று எண்பது ஆண்டுக்கு மேலாக வீசுகிறது. கட்டும்போதே அவசரமில்லாமல் இறுக்கிப் போட்ட கான்கிரீட், அன்றாடம் துடைத்துப் பார்த்துப் பேணும் ஒழுங்கு என்ற இரண்டும்தான் அதன் மருந்து. ஒரு தடவை அதன் நிழலில் நின்றுவிட்டு வந்தால், கான்கிரீட் அசிங்கமான பொருள் என்று பிறகு வாயில் வராது.

மேசைமேல் இருக்கும் சில்லுக்கு வருகிறேன். 35 ஆண்டில் 18 மில்லிமீட்டர். 35-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 5.9; 18-ஐ அதால் வகுத்தால் 3 சொச்சம். அதே வேகத்தில் 20-ஐத் தொட 43 ஆண்டு ஆகும். இன்னும் எட்டு ஆண்டு மிச்சம், கவர் எல்லா இடத்திலும் 20 இருந்தால். படிக்கு அடியில் அது 20 இல்லை, கம்பி சிலாப்பின் வெளிமுகத்தை ஒட்டியே கிடந்தது. மேலே குளியலறை ஒழுகியதால் ஈரமும் கிடைத்தது. மழை குறைந்த எங்கள் ஊரில் உலர்ந்த சிலாப்புக்குள் காற்று வேகமாக உள்ளே போகும். ஆனால் ஈரமில்லாமல் கம்பி துருப்பிடிக்காது. ஆகவே முதல் வேலை பூச்சில் இல்லை, குளியலறைக் குழாயில் இருக்கிறது.

இதை வீட்டுக்காரரிடம் சொன்னோம். பிங்க் கோட்டை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். "அப்ப எங்கெங்க இருபது இருக்குன்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?" என்று கேட்டார். கவர் மீட்டர் என்று ஒரு கருவி உண்டு, சுவர்மேல் நகர்த்தினால் கம்பியின் ஆழத்தைக் காட்டும், கல்லூரிகளிலும் சோதனைக் கூடங்களிலும் இருக்கும் என்றேன். அதுவரைக்கும் காதால் பார்க்கலாம் என்றார் மேஸ்திரி. சிறு சுத்தியலை எடுத்துப் படியின் அடியில் ஒவ்வொரு முழத்துக்கும் தட்டிக்கொண்டே போனார். கெட்டியான இடத்தில் டங் என்றது. காரை விட்டுப்போன இடத்தில் ஓட்டைப் பானை மாதிரி ஒலி. அங்கெல்லாம் தம்பி சாக்பீஸால் வட்டம் போட்டார். முதல் மாடி முடிவதற்குள் ஏழு வட்டம். மேஸ்திரி அடுத்த மாடிக்கு ஏறினார்.